ஆன்லைன் தெரபி எடுக்கப் போறீங்களா? மூணாறு முதல் கொழிஞ்சாம்பாறை வரை, முதல் செஷனுக்கு முன் கவனிக்க வேண்டியவை

மூணாறில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்கள். அல்லது கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோவையில் ஆபீஸ். தூக்கம் கெட்டு ரெண்டு மாசம் ஆகிறது. ஞாயிறு சாயங்காலமே திங்கள்கிழமையை நினைத்து வயிற்றைப் பிசைகிறது. யாரிடமாவது பேசணும். பக்கத்து டவுனில் போய்ப் பார்த்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். மலையாளம் நன்றாகவே வரும், ஆனா மனசு விட்டுப் பேச தமிழ்தான் வேணும். அந்த நேரம் பார்த்து 'முதல் செஷன் இலவசம்' என்று போனில் ஒரு விளம்பரம் வருகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் பாலக்காட்டின் சித்தூர் பகுதியும் அவர்கள் செறிந்து வாழும் இடங்கள். கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு (நோயைப் பொறுத்து மாறும்) சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. மொழியும் மலைப்பாதையும் சேர்ந்து தடுக்கும் எல்லையோரத்தில் ஆன்லைன் தெரபி உண்மையிலேயே உதவும். ஆனால் பணம் கட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரையில் இருப்பவர் யார்?

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேல்படிப்பு படித்தவர். மருந்து எழுதித் தர முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியலில் முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி பெற்றவர். அவர் மதிப்பீடும் பேச்சு சிகிச்சையும் தருவார், மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ.யில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும்.

'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்ற பெயர்களில்தான் குழப்பம். இவர்களில் நன்றாகப் படித்து, நல்ல பயிற்சி பெற்றவர்கள் நிறைய பேர் உண்டு. வார இறுதி கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் உண்டு. உளவியலாளர்கள், ஆலோசகர்களை 2021ஆம் ஆண்டின் தேசிய மருத்துவம் சார்ந்த தொழிலாளர் ஆணையச் சட்டம் ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது என்றாலும், அதற்கான பதிவேடுகள் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. ஆக, விசாரிக்கிற வேலை உங்களுடையது.

எப்படி விசாரிப்பது? ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண். கேட்கத் தயக்கமாக இருந்தால் இப்படி ஒரு மெசேஜ் போதும்: "வணக்கம் மேடம், தமிழில் செஷன் எடுப்பீங்களா? உங்க படிப்பு, பதிவு எண், எந்த மாதிரி பிரச்சினைகளில் அனுபவம், ஒரு செஷனுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம்னு சொல்ல முடியுமா?" முறையாகப் படித்தவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். மழுப்பினால் வேறு ஆள் பாருங்கள்.

சென்னையில் இருப்பவரிடம் சிகிச்சை எடுக்கலாமா?

எடுக்கலாம். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எந்தப் பகுதியில் இருப்பவருக்கும் ஆலோசனை தரலாம். சில கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை மட்டும் ஆன்லைனில் எழுதித் தர முடியாது. உளவியலாளர்களின் பேச்சு சிகிச்சைக்கு பெங்களூரு நிம்ஹான்ஸும் 2020இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. அவசரம் என்றால் சென்னையில் இருப்பவருக்கு மறையூர் எங்கே என்றே தெரியாமல் இருக்கலாம். அதனால் முதல் செஷனிலேயே மூன்று விவரங்களைக் கொடுத்துவிடுங்கள்: நீங்கள் இருக்கும் முகவரி, நம்பிக்கையான ஒருவரின் போன் எண், நீங்கள் உண்மையில் போகக்கூடிய மருத்துவமனை. குமுளியில் இருப்பவருக்கு அது தேனியாக இருக்கலாம், கொழிஞ்சாம்பாறையில் இருப்பவருக்குச் சித்தூர் தாலுகா மருத்துவமனையாக இருக்கலாம். நல்ல தெரபிஸ்ட் இதையெல்லாம் அவராகவே கேட்பார்.

சொல்வது ரகசியமாக இருக்குமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ரகசியம் காக்கப்படுவதை உங்கள் உரிமை என்கிறது. விலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் உத்தரவிட்டால் தேவையான தகவலைச் சொல்லலாம்.

தெரபிஸ்ட் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, ஆப் என்ன செய்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கொடுத்து அது முடிவுக்கு வந்தது. பின்லாந்தின் வஸ்தாமோ நிறுவனத்தில் திருடப்பட்ட சிகிச்சைக் குறிப்புகளை வைத்து 2020இல் நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டார்கள்.

எனவே கேளுங்கள்: செஷன் ரெக்கார்ட் ஆகிறதா? குறிப்புகள் எங்கே இருக்கும்? கம்பெனி மூலம் இலவச கவுன்சிலிங் என்றால், ஹெச்.ஆருக்கு என்ன போகும்? எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற மொத்தக் கணக்கு போகலாம், உங்கள் பெயர் போகக் கூடாது. இதை எழுத்தில் வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் செஷன் வேண்டாம்.

வீட்டில் தனி அறை இல்லையே?

எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஹெட்செட் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். வீட்டில் ஆள் இல்லாத நேரம், நண்பரின் வீடு, நிறுத்தி வைத்த கார் என எது கிடைக்கிறதோ அதைப் பாருங்கள். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் சொல்ல ஒரு வார்த்தையை முன்பே பேசி வையுங்கள். 'மீட்டிங் இருக்கு' என்றதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அடுத்தது நெட்வொர்க். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டுபோனபோது, மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. மழைக்காலத்தில் இடுக்கியில் வீடியோவை மட்டும் நம்ப முடியாது. லைன் கட்டானால் யார் யாரைக் கூப்பிடுவது, சாதாரண போன் காலில் தொடரலாமா, அந்த செஷனுக்குக் கட்டணம் உண்டா என்பதையெல்லாம் முன்பே முடிவு செய்யுங்கள்.

எப்போது ஆன்லைன் போதாது?

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால், இல்லாத குரல்கள் கேட்டால், நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தி கை நடுக்கம், வலிப்பு வந்தால் அது உயிருக்கே ஆபத்தான மருத்துவ அவசரம். வீட்டிலேயே வன்முறை நடக்கிறது என்றால், அந்த வீட்டிலிருந்து பேசுவதே பாதுகாப்பில்லை.

பணம்?

பத்து செஷன் பேக்கேஜை முதல் நாளே வாங்காதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று பாருங்கள். மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு தரணும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கும் செலவுக்கானவை. வெளிநோயாளிப் பலன் இருந்தால்தான் செஷன் கட்டணம் கிடைக்க வாய்ப்பு.

இலவச வழிகளும் உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. எண் 14416. 24 மணி நேரமும், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். கேரள சுகாதாரத் துறையின் 'திஷா' எண் 1056. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. உங்கள் பகுதிக்கு அந்தக் குழு எந்த நாளில் வருகிறது என்று அரசு மருத்துவமனையில் கேட்கலாம்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

முதல் செஷனில் தீர்வு வராது. பெரும்பாலும் கேள்விகள்தான் இருக்கும். மூன்று, நான்கு செஷனுக்குப் பிறகு நீங்களே யோசியுங்கள்: என் பிரச்சினையை இவர் புரிந்துகொண்டாரா? எதை நோக்கிப் போகிறோம் என்று சொன்னாரா? இல்லை என்றால் அவரிடமே சொல்லலாம், வேறு ஒருவருக்கு மாறலாம். ஒருவர் ஒத்துவராததால் தெரபியே உதவாது என்று அர்த்தமில்லை. அதற்காக எந்த விளக்கமும் தரவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.