வைட்டமின் டி: வாரம் ஒன்றைத் தினம் ஒன்றாக்காதீர்கள்!

வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம். கூடவே, "அப்பா ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசுறார் டாக்டர்." இப்படி அழைத்து வரப்படும் முதியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் சுகரும் பிரஷரும்தான் பதிலாக வரும். மருந்துப் பையைக் கொட்டச் சொன்னால்தான் அந்த அட்டை விழும்: வைட்டமின் டி, 60,000 யூனிட். வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு என்று என்றைக்கோ எழுதிக் கொடுத்தது. இவர் தினம் ஒன்று, மாதக்கணக்கில்! பழைய சீட்டை நீட்டினால் கடையிலும் கொடுத்துவிடுகிறார்கள்.

"சத்து மாத்திரைதானே?"

பெரியவர்கள் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய உச்சவரம்பே 4,000 யூனிட்தான். இவர் விழுங்கியது அதைப்போல 15 மடங்கு.

"அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்பார்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் அப்படிப் போகாது, உடலிலேயே தங்கிவிடும். சிறுநீரில் போகிற பி6கூட, அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பைக் கெடுத்துக் கை கால்களை மரத்துப்போகச் செய்யும்.

"வெயிலில் நின்றாலும் டி ஏறத்தானே செய்கிறது?" ஏறும். ஆனால் மிஞ்சியதைத் தோலே சிதைத்துவிடும். மாத்திரைக்கு அந்தக் கடிவாளம் கிடையாது.

மூட்டு வலித்தாலும் டி குறைவு, முடி கொட்டினாலும் டி குறைவு! யார் சொன்னது? வாட்ஸ்அப். அதை நம்பிக் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

கால்சியம் எகிறினால்

குடலிலிருந்து கால்சியத்தை இழுப்பதுதான் டியின் வேலை. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகத்தில் கல் சேரும், சிறுநீரகமே பழுதாகலாம், இதயத் துடிப்பு தடுமாறும். பிரஷருக்குத் தயசைடு, இதயத்துக்கு டிஜாக்சின் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே சரியாகாது. கொழுப்பில் சேர்ந்த டி கரைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி அளவு பார்த்தால் தெரிந்துவிடும்.

தயவுசெய்து கேளுங்கள்

கர்ப்பிணிகளே, வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள்; அளவு மீறினால் கருவில் ஊனம் ஏற்படலாம். தாய்மார்களே, குழந்தைக்கான டி சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 400 யூனிட்டும் உண்டு, 800 யூனிட்டும் உண்டு. பாட்டில் மாறினால் லேபிளைப் படியுங்கள். எட்டு வாரம் என்று எழுதியிருந்தால் எட்டாவது வாரத்தோடு நிறுத்துங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, சத்து மாத்திரை, பவுடர் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.