ஆறே நகர்வில் முடிந்த ஆட்டம்

பின்னாளில் உலகச் சதுரங்க வெற்றியாளரான விசுவநாதன் ஆனந்த் ஆறே நகர்வுகளில் தோற்றது எப்படி? இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக அவர் உயர்ந்த அதே 1988இல், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் அலோன்சோ சபாத்தா தம் ராணியைத் தம் ராஜாவுக்கு முன்னால் நகர்த்தியதும், ஆனந்தின் குதிரை விலகினால் அவருடைய ராஜாவே தாக்குதலுக்கு உள்ளாகும் நிலை ஏற்பட்டது. காயை இவ்வாறு அசையவிடாமல் கட்டிவைப்பதே பிணைப்பு. ஆனந்த் தம் ராணியைக் குறுக்கே நிறுத்தினாலும், எதிராளி முதலில் அதை விரட்டும் இடைநகர்வை ஆடிவிட்டு, பிறகு சாதாரணச் சிப்பாயைக் கொண்டே குதிரையைப் பறித்துவிடுவார் என்பதால், அவர் அங்கேயே ஆட்டத்தைக் கைவிட்டார். இப்போதுதான் காய் நகர்த்தப் பழகும் பிள்ளையும் பலகையில் வைத்துப் பார்க்கத்தக்க ஆட்டம் இது.