எண்ணெய் படிந்த ஆறு



நம் தோட்டங்களில் நிற்கும் செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே நைஜீரியா நாட்டில் நைஜர் பேராறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. செம்பனை எண்ணெய் வணிகத்தை வைத்து அக்கிளைகளை ஆங்கிலேயர் 'எண்ணெய் ஆறுகள்' என்றே அழைத்தனர். 1956-இல் அங்குள்ள ஒலோய்பிரி என்னும் ஊரில் வேறோர் எண்ணெய் கிடைத்தது. அதுதான் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய்.

குழாய் உடைந்தால் எண்ணெய் சதுப்பு நிலத்தில் பரவும். மரங்களின் மூச்சு வேர்களை மூடும். மீன்குஞ்சுகள் வளர்வது அந்த வேர்களின் நிழலில்தான். மரம் பட்டால் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் அடுப்பு எரியாது.

இந்தத் துயரத்தை அந்நாட்டு எழுத்தாளர்கள் நாவல்களாக எழுதியுள்ளனர். கைனே அகாரி 2006-இல் எழுதிய 'யெல்லோ யெல்லோ' நாவலில், கசிந்த எண்ணெய் ஒரு தாயின் விளைநிலத்தைப் பாழாக்குகிறது. அவள் மகள் பிழைப்பைத் தேடி நகரத்துக்குப் போகிறாள்.

ஹெலான் ஹபிலாவின் 'ஆயில் ஆன் வாட்டர்' 2010-இல் வந்தது. எண்ணெய் நிறுவனப் பொறியாளரின் மனைவி கடத்தப்படுகிறார். அவரைத் தேடிச் செல்லும் இளம் நிருபன் ரூஃபஸ் வழியெங்கும் பாழடைந்த ஊர்களைக் காண்கிறான். நிலத்தை விற்க மறுத்த ஓர் ஊர்த் தலைவர் கைதாகிச் சிறையிலேயே இறந்த கதையைக் கேட்கிறான். அவன் வீட்டுக் கதையும் அதுவே. வேலை இழந்த தந்தை திருட்டு எண்ணெய் வாங்கி விற்கிறார். ஒருநாள் அது தீப்பற்றி வெடிக்கிறது. சகோதரியின் முகம் கருகுகிறது.

அறவழியில் கேட்டுப் பார்க்கவில்லையா என்று நாம் வினவலாம். கேட்டார்கள். எழுத்தாளர் கென் சாரோ விவா ஒகோனி மக்களைத் திரட்டி அறவழியில் போராடினார். இராணுவ அரசு 1995 நவம்பர் 10-ஆம் நாள் அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. பிற்காலத்தில் இளைஞர் பலர் துப்பாக்கி ஏந்தினர். அதனாலும் ஆறு தெளியவில்லை. ஒகோனி நிலத்தைத் தூய்மையாக்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் கூறியது.

நேயர்களே, ஆள் கடத்தல் என்ற செய்தி நாளிதழில் வரும். அதற்கு வெகுநாள் முன்பே மீன் செத்ததும், தகப்பன் வேலை இழந்ததும் அதில் வருவதில்லை. அந்த முதல் பாதியைக் கதைகள் சொல்கின்றன. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் முன், முதல் பாதியையும் கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.