கோழிப் பண்ணைக்கு ஊராட்சி நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கோழிக் கொட்டகையிலிருந்து ஈ வருகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துத் தெருவினர் மனு கொடுத்துவிட்டார்கள், ஊராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வரும் விவசாயிகளில் பலர், நோட்டீஸ் கைக்கு வந்து ஒரு மாதம் கழித்தே வருகிறார்கள். சிக்கலே அந்த ஒரு மாதம்தான்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், கடன் வாங்கி இரண்டு கொட்டகை போட்டு ஒப்பந்த முறையில் 4,000 பிராய்லர் வளர்த்தார். 15 நாளில் பதில் தரச் சொல்லி வந்த நோட்டீஸை நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். "தலைவர் நமக்குத் தெரிந்தவர்தான், பேசிக்கொள்ளலாம்" என்பது அவர் கணக்கு. அடுத்து வந்தது கோட்டாட்சியர் உத்தரவு. விஷயம் தெரிந்ததும் கம்பெனி அடுத்த குஞ்சு இறக்க மறுத்துவிட்டது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி கிராம ஊராட்சியின் செயல் அதிகாரி ஊராட்சித் தலைவர்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அந்த இடத்தில் இருப்பார். பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ன்கீழ் சுகாதாரத் துறையும் தொல்லையை நீக்கச் சொல்லலாம். ஆகவே சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தால் அதைச் சாதாரண விசாரிப்பு என்று நினைக்காதீர்கள். அவர் எழுதும் அறிக்கை பிறகு சாட்சியாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலே கோட்டாட்சியர் இருக்கிறார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 152-வது பிரிவாக உள்ளது. அவர் முதலில் போடுவது நிபந்தனை உத்தரவு. "இத்தனை நாளுக்குள் தொல்லையை நீக்கு, அல்லது நேரில் வந்து ஆட்சேபம் சொல்" என்பதே அதன் பொருள். இரண்டையும் செய்யாவிட்டால் உத்தரவு உறுதியாகிவிடும். அதற்குப் பிறகும் மீறுவது குற்றம். அதிகாரிகளே வேலையை முடித்துச் செலவை உங்களிடம் வசூலிக்கவும் வழி உண்டு.

"நான் பண்ணை போட்டபோது இங்கே வீடே இல்லை, வீடுகள்தான் பிறகு வந்தன" என்று பலரும் சொல்கிறார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இருந்தாலும் பதிலில் எழுதுங்கள். பட்டா நகல், மின் இணைப்பு வாங்கிய தேதி, ஊராட்சி அனுமதி இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இணையுங்கள். எதிர்த் தரப்பு மனுவின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். பதிலைக் கையில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) விநியோக ஒப்புகையோடு அனுப்புங்கள்.

பதில் எழுதும் அதே வாரத்தில் கொட்டகையைச் சரிசெய்யத் தொடங்குங்கள். ஈ தானாகப் பெருகுவதில்லை, ஈரத்தில் பெருகுகிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். பெரும்பாலான பண்ணைகளில் நான் முதலில் பார்ப்பது தண்ணீர் நிப்பிளை. ஒழுகும் நிப்பிளுக்குக் கீழே உமி கட்டிதட்டி ஈரமாகக் கிடக்கும். புழு அங்கேதான் இருக்கும். கட்டிதட்டிய உமியை அள்ளி வெளியேற்றி, காய்ந்த உமி போட்டு, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். அள்ளிய எருவைக் கொட்டகை ஓரத்தில் குவித்துத் திறந்து வைக்காதீர்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே ஏறும் சூட்டில் புழு செத்துவிடும், மழைநீர் கலந்து கிணற்றுக்கும் போகாது. செத்த கோழியை அன்றன்றே சுண்ணாம்பு தூவிக் குழியில் புதையுங்கள். வேலியோரம் வீசினால் நாய் இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் போடும். மனு அங்கேதான் பிறக்கிறது. செய்த வேலை ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

புதிதாகப் பண்ணை தொடங்குபவர்கள் இடம் பார்க்கும்போதே யோசிக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டர் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். சொந்த நிலம், பட்டா என் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. கிடங்கு, ஆலை போல விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தை மாற்றுவதாக இருந்தால், நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 47-ஏ பிரிவின்படி ஊராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஊராட்சி அதைக் கொடுக்கும் முன் நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவைப் பெற வேண்டும். திட்டப் பகுதிக்குள் வரும் கிராமங்களுக்கு நடைமுறை வேறு. உங்கள் சர்வே எண் எதில் வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த விவசாயி பிறகு கோட்டாட்சியர் முன் நேரில் நின்று, நிப்பிள் மாற்றிய ரசீதையும் படங்களையும் காட்டி, மறு ஆய்வுக்கு நாள் கேட்டார். கொட்டகை மூடப்படவில்லை. எருவை 10 நாளுக்கு ஒருமுறை அப்புறப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். ஆனாலும் இரண்டு பேட்ச் வருமானம் போனது போனதுதான்.