மரச் சாமானில் தங்கும் கரி

நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு பெருகிப் புவி வெப்பமடைந்து வருகிறது. மரம் வளர்த்தால் இவ்வாயு குறையும் என்பதை விவசாயிகள் அறிவர். ஆனால், வெட்டிய பின் அம்மரம் என்னவாகிறது என்பதும் முக்கியமாகும்.

கரி சேரும் விதம்

மரம் இலைகளின் வழியே கரியமில வாயுவை ஈர்த்து, சூரிய ஒளியின் துணையால் கட்டையாக மாற்றுகிறது. ஈரம் நீங்கிய கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கரியே. காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ இருக்கும். மீதமுள்ள ஈரத்தைக் கழித்தால் 16 கிலோ. அதில் கரி 8 கிலோ. இதற்காக மரம் எடுத்துக்கொண்ட கரியமில வாயு சுமார் 30 கிலோ ஆகும்.

விறகும் கதவும்

அக்கட்டையை அடுப்பில் எரித்தால் கரி அன்றே காற்றில் கலந்துவிடும். மட்கினாலும், கரையான் அரித்தாலும் சில ஆண்டுகளில் போய்விடும். கதவு, நிலை, உத்திரம், கட்டில் எனச் செய்தால் அவை உள்ளவரை கரியும் அவற்றில் தங்கும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. மேலும், இரும்பும் சிமெண்டும் தயாரிக்க நிலக்கரி ஏராளமாக எரிக்கப்படுகிறது. அவற்றுக்குப் பதில் மரம் பயன்படும் இடங்களில் அப்புகையும் குறைகிறது.

கவனிக்க வேண்டியவை

1. திருமணம், கிணறு போன்ற அவசரச் செலவுக்கு இளந்தேக்கை வெட்டி விற்பதுண்டு. வைரம் பாயாத அம்மரம் விலை போகாது, நீடித்தும் உழைக்காது. இடையில் வரும் பணத் தேவைக்கு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டக்கூடிய சவுக்கை ஒரு பகுதியில் நட்டுக்கொண்டால் வரப்புத் தேக்கைக் காக்கலாம்.

2. இளம் பருவத்திலேயே பக்கக் கிளைகளைக் கவாத்து செய்தால் அடிமரம் நேராக வளரும்.

3. அறுத்த பலகைகளை நிழலில், குறுக்குச் சட்டங்கள் இட்டுக் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்த வேண்டும். தரையில் படக்கூடாது.

4. வெட்டுமுன் வனத்துறை அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

5. வெட்டிய மரத்துக்கு ஈடாக உடனே கன்று நட வேண்டும். நடாவிடில் மேற்கூறிய பயன் தொடராது.

வெட்டிய மரம் வீட்டில் கதவாக நிற்க, வரப்பில் புதுக்கன்று வளருமானால், குடும்பத்துக்கும் புவிக்கும் ஒருங்கே நன்மை உண்டாகும்.