கேன் வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

2009ஆம் ஆண்டு நான் பாத்திரம் கழுவும் திரவத்தை நான்கு லீற்றர் கேன்களில் அடைத்து மொத்தமாக விற்று வந்தேன். ஒரு முறை கண்டியிலிருந்து அக்கரைப்பற்றுக்கு அனுப்பிய லொறிச் சரக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. இரண்டு கிழமை கழித்துக் கடைக்காரர் அழைத்தார். அடுக்கி வைத்த கேன்களில் கீழ் வரிசை முழுவதும் ஒழுகுகிறதாம். சரக்கைத் திருப்பி எடுத்தேன். இலாபத்தோடு ஒரு நல்ல வாடிக்கையாளரும் கைவிட்டுப் போனார்.

கோபத்தோடு கேன் செய்து தந்தவரின் தொழிற்சாலைக்குப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. "நானா, முதல்ல மெஷின பாருங்க, பிறகு ஏசுங்க" என்றார். அன்று பார்த்தவை சகோதர வியாபாரிகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கண்ணாடியை ஊதிப் பாத்திரம் செய்யும் கலை சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னர் சிரிய, பலஸ்தீனக் கரையோரப் பகுதிகளில் தோன்றியது. பிளாஸ்டிக் கேனும் அப்படி ஊதித்தான் செய்யப்படுகிறது. ஊதுவது வாயல்ல, கம்ப்ரசர்.

எச்.டி.பி.ஈ. எனப்படும் பிளாஸ்டிக் மணிகள் இயந்திரத்தில் சுமார் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகுகின்றன. உருகியது மெழுகு போன்ற ஒரு குழாயாகக் கீழ்நோக்கித் தொங்குகிறது. இரண்டு பாதி அச்சுகள் அதனை நடுவில் வைத்து மூடி, அடிப்பக்கத்தை நெரித்து ஒட்டுகின்றன. உள்ளே காற்று செலுத்தப்பட்டதும் குழாய் ஊதிப் பெருத்து அச்சின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அச்சுக்குள் ஓடும் குளிர்நீர் அதனை இறுகச் செய்கிறது. ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளை வெட்டி, அரைத்து, மறுபடியும் மணிகளோடு கலக்கிறார்கள்.

இதில் கூடிய நேரம் எடுப்பது ஆறவிடுவதற்குத்தான். சுவர் தடித்தால் ஆறவும் நேரம் கூடும். ஆகவே கேன் மெலிந்தால் மூலப்பொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். விலை குறைப்பதற்கு மிக இலகுவான வழி அதுதான்.

ஆனால் ஊதும்போது அதிகம் இழுபட்டு மெலிவது மூலைகள்தான். அடியில் நெரித்து ஒட்டிய கோடும் பலவீனமான இடமே. சவர்க்காரத் திரவங்களுக்கு ஒரு குணம் உண்டு. பாரம் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக்கில் அவை மெதுமெதுவாக வெடிப்பை உண்டாக்கும். அதே கேனில் தண்ணீர் இருந்தால் தாங்கியிருக்கலாம். என் சரக்கு லொறியில் ஒழுகாமல் இரண்டு கிழமை கழித்து ஒழுகிய இரகசியம் இதுதான்.

"போன ஓடர்ல கேனுக்கு நாலு ரூபா கொறைக்கச் சொன்னது நீங்கதானே நானா? 180 கிராமுக்குச் செஞ்சத 150க்கு எறக்கினேன்" என்றார் அவர். சொல்லாமல் குறைத்தது அவர் தவறு. கேட்காமல் வாங்கியது என் தவறு. நட்டத்தில் ஒரு பகுதியை அவர் ஏற்றார், மீதியை நான் சுமந்தேன்.

குடிநீர், சோடாவுக்கான பெட் போத்தலின் வழி வேறு. முதலில் சோதனைக்குழாய் போன்ற ஒரு சிறு வார்ப்பு, கழுத்துப் புரியோடு தயாராகிறது. அதனைச் சுமார் 100 பாகைக்குச் சூடாக்கி, ஒரு கம்பியால் நீளத்துக்கு இழுத்து, அமுக்கம் கூடிய காற்றால் ஊதுகிறார்கள். இரு திசையிலும் இழுபடுவதால் மெல்லிய சுவரும் பலமாகிறது. சோடாவின் வாயு அமுக்கத்தைத் தாங்குவது இதனால்தான். இம்முறைக்கு அமெரிக்கரான நதானியல் வையத் 1973இல் காப்புரிமை பெற்றார். ஆனாலும் எல்லாப் பொருளுக்கும் பெட் போத்தல் ஆகாது. இலங்கையில் விவசாய இரசாயனங்களைப் பெட், பி.வி.சி. கொள்கலன்களில் அடைப்பது 2021 மார்ச் 31 முதல் தடைசெய்யப்பட்டது.

இப்போது நான் கேன் வாங்கும் விதம் இது:

விலையோடு கிராம் நிறையையும் ஓடரிலேயே எழுதி வாங்குகிறேன். சரக்கு வந்ததும் பத்துக் கேன்களைத் தராசில் வைக்கிறேன். ஒன்றை வெட்டி மூலையையும் அடிக்கோட்டையும் பார்க்கிறேன். அடியிலுள்ள முக்கோணத்தில் 2 என்றால் எச்.டி.பி.ஈ., 1 என்றால் பெட். புதிய கேனாயின், நான் விற்கும் திரவத்தையே நிரப்பி, மேலே பாரம் ஏற்றி, ஒரு மாதம் வைத்துப் பார்த்த பின்னரே ஓடர் கொடுக்கிறேன்.

நாலு ரூபா இலாபம் பார்க்கப்போய் ஒரு லொறிச் சரக்கை இழந்தவன் சொல்கிறேன்: கேனின் விலையைப் பேசும் முன் அதன் நிறையைப் பேசுங்கள்.