தொலைபேசியில் தீர்ந்த வரிக்கணக்கு

வரி செலுத்துவது ஒரு துன்பம். அதற்குரிய விவரத்திரட்டை நிரப்புவது வேறொரு துன்பம். இரண்டாவதே பெரிதெனப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பணம் ஒருதரம் கையைவிட்டுப் போகிறது. படிவமோ பல இரவுகளின் உறக்கத்தையும் உடன்கொண்டு போகிறது. இவ்விரண்டாவது துன்பத்தைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவைத்த ஓர் ஏற்பாடு ஐக்கிய அமெரிக்காவில் 13 ஆண்டுகள் நிலவியது. பின்னர் அரசினரே அதனைக் கைவிட்டனர். அதன் வரலாற்றை அறிந்த நாள்தொட்டு, நல்லதொன்று ஏன் மடிகிறது என்ற வினா என் மனத்தை விட்டகலவில்லை.

அந்நாட்டில் தொழில்கொள்வோர் சம்பளத்திலேயே வரியைப் பிடித்து அரசுக்கு அனுப்பிவிடுவர். ஆண்டு முடிவில் கணக்கைச் சரிபார்த்தால், சிறு சம்பளக்காரர் பலருக்கு அரசே பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே உணவகத்தில் பரிமாறும் இளைஞனொருவன் விவரத்திரட்டு அனுப்புவது, பெரும்பாலும் தன் பணத்தைத் தானே மீட்டுக்கொள்வதற்காகும். இத்தகையோரை எண்ணியே, 1992 இல் ஒகையோ மாநிலத்தில் 'டெலிபைல்' என்னும் முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது நாடு முழுவதும் பரவிற்று.

முறை மிக எளிது. தகுதியுடையோர் எனக் கருதப்பட்டவர்க்கு இறைவரிப் பகுதியார் ஒரு சிறு கைந்நூலை அஞ்சலில் அனுப்புவர். அதில் அவருக்கென ஓர் இரகசிய இலக்கம் இருக்கும். சம்பளமும் பிடித்த வரியும் வங்கி வட்டியும் கைந்நூலிலுள்ள தாளில் முதலிற் குறித்துக்கொள்ளப்படும். பின்னர் கட்டணமின்றித் தொலைபேசியில் அழைத்தால் இயந்திரக் குரலொன்று ஒவ்வொன்றாய்க் கேட்கும். பொத்தான்களை அழுத்தி விடையிறுக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் அக்குரலின் வேலை. இறுதியில், 'உமக்கு இவ்வளவு திரும்பும்' அல்லது 'நீர் இவ்வளவு செலுத்த வேண்டும்' என்று அது தீர்ப்புரைக்கும். உடன்பட்டால் உறுதி இலக்கமொன்று கிடைக்கும். முறை முதிர்ந்தபின் இரகசிய இலக்கமே கையொப்பமாயிற்று. கடதாசி எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. நள்ளிரவிலும் அழைக்கலாம்.

எண்வட்டத்தைச் சுழற்றும் பழைய தொலைபேசி இதற்கு உதவாது. அது எழுப்பும் துடிப்புக்கள் அருகிலுள்ள தொலைபேசி நிலையத்துடன் நின்றுவிடும். 1963 இல் வழக்குக்கு வந்த பொத்தான் தொலைபேசியோ ஒவ்வோர் இலக்கத்துக்கும் இரண்டு சுருதிகளை ஒருங்கே ஒலிக்கச் செய்கிறது. அவை குரலைப் போலவே மறுமுனை வரை சென்றடைவன. ஒரு பெரிய நிருவாகச் சீர்திருத்தம் ஈரிசைச் சேர்க்கையொன்றை நம்பி நின்றதை நினைக்க எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

1998 இல் ஏறத்தாழ 60 இலட்சம் விவரத்திரட்டுக்கள் இவ்வாறு வந்து சேர்ந்தன. அதுவே உச்சம். 2004 இல் அத்தொகை 38 இலட்சமாய்க் குறைந்தது. குறைவுக்குரிய காரணங்களுள் ஒன்று முறைக்குள்ளேயே இருந்தது. தங்கியிருப்போர் எவருமில்லாதவர்க்கே இது திறந்திருந்தது. பிள்ளையொன்று பிறந்ததும் கதவு சாத்தப்பட்டது. மற்றையது கணினி. பயன்படுத்துவோர் குறையக் குறைய, விவரத்திரட்டு ஒன்றுக்கான செலவு ஏறிற்று. அதனையே நியாயமாகக் காட்டி, 2005 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆம் திகதியுடன் அதனை நிறுத்தினர்.

செலவுக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆயினும் அக்கணக்கில் ஒரு பக்கமே எழுதப்பட்டது என்பது என் துணிபு. 2002 இலேயே அரசு வரி மென்பொருள் நிறுவனங்களுடன் ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. அந்நிறுவனங்கள் ஒரு சாராருக்கு இலவசமாக இணையச் சேவை வழங்கும்; அரசு தானாக அத்தகைய சேவையைத் தொடங்காது. ஆகவே தொலைபேசி ஓய்ந்தபோது, குடிமகன் இடையில் எவருமின்றி அரசுக்கு இலவசமாய் விவரத்திரட்டைச் சேர்ப்பிக்கக் கடதாசியும் அஞ்சலுறையுமே எஞ்சின. அடுத்த ஆண்டு நிகழ்ந்ததும் அதுவே. பழைய தொலைபேசிக்காரர் பலர் கடதாசிக்குத் திரும்பினர். வேறு பலர் பணங்கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்வித்தனர். இலத்திரனியல் முறையைப் பெருக்குவதே நோக்கமெனக் கூறிய ஒரு திணைக்களத்துக்கு இது விசித்திரமான பலனன்றோ! அரசே நேரடியாக நடத்திய இணையச் சேவை 2024 இல்தான் 12 மாநிலங்களில் அரும்பியது. அதுவும் இரண்டு வரிக்காலங்களோடு முடிந்து, 2026 இல் கிடைக்காமற் போயிற்று.

கனடாவிலும் இத்தகைய தொலைபேசி முறை இருந்து 2012 இல் நின்றது. ஆனால் அங்கே கதை அத்துடன் முடியவில்லை. விவரத்திரட்டு அனுப்பாவிடின் அரசின் உதவிப்பணம் சிலவும் கிட்டாமற் போகும். அனுப்பாதிருந்தோருள் வறியோர் பலர். 2018 இல், வருமானம் குறைந்து ஆண்டுக்காண்டு அதிகம் மாறாதோர்க்கு அந்நாட்டு வரிப்பகுதியார் அழைப்புக் கடிதங்களை அனுப்பினர். கணினி வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஓர் இலக்கத்தை அழைத்து இயந்திரக் குரல் கேட்கும் சில வினாக்களுக்கு விடையளித்தாற் போதும் என்பதே அக்கடிதத்தின் சாரம்.